இல்லாத ஊருக்கு ஒரு தேசப்படம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். தபால் ஆபீஸில் உத்தியோகம். பரம சாது. அவர் உரத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு மட்டும் முகம் சிவந்திருந்தது. கக்கத்தில் மூன்று நீள நோட்டுப் புத்தகங்கள்.

"ஸார், நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். நாலு விஷயம் தெரிந்தவர். இதைப் பார்த்துவிட்டு நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள். பையன் பத்தாவது படிக்கிறான். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் விளக்கு எரிகிறது. கணக்குப் போடுகிறான் என்று நாங்கள் நினைத்துக் கொண்டிருந்தோம். அவன் போட்ட கணக்கு இதுதான்!" என்று நோட்டுகளை மேஜைமேல் வைத்தார்.

பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு தேசப்படம். நடுவிலே ஒரு பெரிய தீவு. தெற்கு வடக்காக ஒரு மலைத்தொடர். மலைக்கு இந்தப் பக்கம் மூன்று ஆறு, அந்தப் பக்கம் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அடுத்த பக்கத்தில் அந்தத் தீவை ஆண்ட அரசர்களின் பட்டியல். மொத்தம் இருபத்தேழு பேர். ஒரு ராஜா நாற்பது வருஷம் ஆண்டிருக்கிறார். இன்னொருவர் பதினோரு நாள்தான். அப்புறம் நாணயங்கள், எழுத்துக்கள், ரயில்வே கால அட்டவணை, எந்த ஊரில் என்ன விளையும், சந்தை என்றைக்குக் கூடும் என்பதெல்லாம் கோடு போட்டு, கட்டம் கட்டி, மூன்று நோட்டு நிறைய இருந்தன.

"பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் பையனைக் கூப்பிட்டுக் கொஞ்சம் புத்தி சொல்ல வேண்டும்" என்றார் அவர்.

"ஒரு வாரம் இவை என்னிடம் இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக் கொண்டேன். அந்த ஒரு வாரம் யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை. புத்தி சொல்ல வேண்டியது பையனுக்குத்தானா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கொலு வைக்காத வீடு உண்டா?

இல்லாத ஒரு தேசத்தைக் கற்பனை செய்து, அதற்கு மலையும் ஆறும் மொழியும் சரித்திரமும் கொடுத்து, வருஷக் கணக்கில் அதை வளர்த்துக் கொண்டே போவது ஒரு பொழுதுபோக்கு. தபால் தலை சேர்ப்பது போல, தோட்டம் போடுவது போல இதுவும் ஒன்று. உலகம் பூராவும் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தபால் தலை சேர்ப்பவர் தம்முடைய ஆல்பத்தை வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தேசம் படைப்பவர் அதைக் காட்டமாட்டார். ஒளித்து வைத்துக் கொள்வார். ஏன்? பார்த்தவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம்தான்.

நாம் சிரிக்கலாமா? நவராத்திரியில் நம் வீடுகளில் நடப்பது என்ன? படிக்குப் பக்கத்தில் மண்ணைக் கொட்டி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயல் என்கிறோம். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக் குளம் என்கிறோம். குளத்தில் பிளாஸ்டிக் வாத்து. கரையிலே செட்டியாரும் அவர் மனைவியும். பக்கத்தில் ஒரு சின்ன ரயில். "இந்த ரயில் எங்கே போகிறது?" என்று வீட்டுக் குழந்தையைக் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும். ஒன்பது நாளைக்கு ஓர் ஊரைப் படைத்துவிட்டு, பத்தாம் நாள் பெட்டியில் எடுத்து வைத்துவிடுகிறோம். பெட்டியில் எடுத்து வைக்க மனம் வராத ஒருவன் இருந்தால் அவன் என்ன செய்வான்? ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரே வருஷத்தில் பிறந்த இருவர்

இந்தப் பொழுதுபோக்கை ஆயுள் முழுவதும் கைவிடாத இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் 1892-ல் பிறந்தவர்கள். இருவரும் 1973-ல் காலமானவர்கள். ஒருவரை ஒருவர் அறியமாட்டார்கள்.

முதலாமவர் ஜே. ஆர். ஆர். டோல்கீன். தென் ஆப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர். சிறு வயதிலேயே புதுப்புது பாஷைகளை உண்டாக்கிப் பார்ப்பதில் அவருக்கு ஆசை. பின்லாந்து மொழியின் ஓசை பிடித்துப்போய், அந்தச் சாயலில் ஒரு மொழி செய்தார். வேல்ஸ் மொழியின் சாயலில் இன்னொன்று. இலக்கணம் எழுதினார். சொற்கள் காலப்போக்கில் எப்படித் திரிந்தன என்று வரலாறும் எழுதினார். பிறகு யோசித்தார். மொழி இருந்தால் பேசுவதற்கு ஜனங்கள் வேண்டாமா? ஜனங்கள் இருந்தால் தேசம் வேண்டாமா? இப்படித்தான் அவருடைய உலகம் பிறந்தது. கதைக்காக மொழி வரவில்லை. மொழிக்காகக் கதை வந்தது.

1916-ல் பிரான்சில் ஸோம் நதிக்கரையில் நடந்த பயங்கர யுத்தத்தில் அவரும் இருந்தார். பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு தாயகம் திரும்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடிதான் அந்த உலகத்தின் முதல் கதைகளை எழுதத் தொடங்கினார். நெருங்கிய சிநேகிதர்கள் யுத்தத்தில் மடிந்துபோன சமயம் அது.

1931-ல் மொழி படைக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி அவர் ஒரு சொற்பொழிவு செய்தார். அதற்கு அவர் கொடுத்த தலைப்பின் பொருள் என்ன தெரியுமா? 'ஓர் இரகசியக் கெட்ட பழக்கம்!' முப்பத்தொன்பது வயதுப் பேராசிரியருக்கே அவ்வளவு கூச்சம் என்றால், பத்தாம் வகுப்புப் பையன் நோட்டை ஒளித்து வைத்ததில் ஆச்சரியம் என்ன?

பின்னால் நடந்தது உலகத்துக்கே தெரியும். 1937-ல் 'ஹாபிட்' வெளிவந்தது. 1954, 1955-ல் 'மோதிரங்களின் தலைவன்' மூன்று பாகங்களாக வந்தது. அதை எழுதி முடிக்கப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. எந்த இரவில் சந்திரன் எந்தப் பிறையில் இருந்தது, ஒரு நாளைக்கு எத்தனை மைல் நடக்க முடியும் என்றெல்லாம் கணக்குப் பார்த்துத் திருத்தினார் மனிதர். ஆனால் அவர் மனசுக்கு மிக நெருக்கமான மூல நூல், 1916-ல் ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த அந்தச் சங்கதி, கடைசிவரை முடியவே இல்லை. திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டே இருந்தார். 1977-ல், அவர் மறைந்து நாலு வருஷம் கழித்து, மகன் கிறிஸ்டோபர்தான் அதைத் தொகுத்து 'சில்மரிலியன்' என்று வெளியிட்டார். அதோடு நின்றாரா? தகப்பனாரின் கைப்பிரதிகளை எல்லாம் பிரித்துப் பார்த்து 1983 முதல் 1996 வரை இன்னும் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டுவந்தார். தகப்பனாரின் பொழுதுபோக்கு மகனுக்கு வாழ்க்கைப் பணியாக ஆயிற்று.

இரண்டாமவர் ஹென்றி டார்கர். அமெரிக்காவில் சிக்காகோ நகரத்துக்காரர். நாலு வயதில் தாயை இழந்தார். தகப்பனாரோ நோயாளி, ஏழை. பையனை விடுதியில் சேர்த்தார்கள். அங்கிருந்து, மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான காப்பகத்துக்கு அனுப்பினார்கள். பதினாறு, பதினேழு வயதில் அங்கிருந்து தப்பி ஓடி வந்தவர், அப்புறம் ஆயுள் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் தரை துடைத்தும் பாத்திரம் கழுவியும் பிழைத்தார். கல்யாணம் இல்லை. உறவு இல்லை. தினம் கோயிலுக்குப் போவார், வருவார். தெருக் குப்பையில் கிடக்கும் பழைய பத்திரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார். அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

1972 கடைசியில் உடம்பு தள்ளாமல் அவர் முதியோர் இல்லத்துக்குப் போன பிறகு, வீட்டுச் சொந்தக்காரர் அறையைச் சுத்தம் செய்யப் போனார். அங்கே என்ன இருந்தது? தட்டெழுத்தில் 15,145 பக்கம்! அடிமைகளாக்கப்பட்ட குழந்தைகளை விடுவிக்க ஏழு சிறுமிகள் நடத்தும் மாபெரும் யுத்தத்தின் கதை. கதைக்கென்று நூற்றுக்கணக்கான வர்ணப் படங்கள். சில படங்கள் பத்து அடி அகலம். அவருக்குச் சித்திரம் எழுதத் தெரியாது. பத்திரிகைப் படங்களை வைத்து நகல் எடுத்து, ஒட்டி, வர்ணம் தீட்டித் தாமாகவே ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். யுத்தத்துக்கு இரண்டு முடிவு எழுதியிருந்தார். ஒன்றில் குழந்தைகள் ஜெயிக்கிறார்கள். இன்னொன்றில் தோற்கிறார்கள்.

இன்று அவருடைய படங்கள் நியூயார்க் மியூசியங்களில் இருக்கின்றன. லட்சக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன. அதில் ஒரு காசு அவர் பார்த்ததில்லை.

யார் பாக்கியசாலி?

இப்படிப்பட்ட கட்டுரைகளில் வழக்கமாக என்ன எழுதுவார்கள்? "டோல்கீனைப் பாருங்கள்! கற்பனையால் உலகப் புகழ் பெற்றார்! ஆகையால் பெற்றோர்களே, குழந்தைகளின் கற்பனையை வளருங்கள்!" என்று எழுதுவார்கள். நான் அப்படி எழுதப் போவதில்லை. காரணம், அது பொய்யான ஆறுதல். நோட்டுப் புத்தகத்தில் தேசம் படைக்கிறவர்களில் எத்தனை பேர் டோல்கீன் ஆகிறார்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் தெருக்கோடிப் பையன் டோல்கீன் ஆவான் என்று அவன் தகப்பனாரிடம் சொன்னால் அது ஏமாற்று வேலை.

ஆராய்ச்சிக்காரர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மக்கார்தர் விருது என்று ஒன்று உண்டு. பல துறைகளில் அபூர்வத் திறமை காட்டியவர்களுக்குக் கொடுப்பது. அவர்களிலும் மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலை மாணவர்களிலும் சிறு வயதில் கற்பனை உலகம் படைத்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்த்தார்கள். மாணவர்களைவிட விருதுக்காரர்களில் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2006-ல் முடிவு வெளியாயிற்று. சந்தோஷமான செய்திதான். ஆனால் விருது பெற்றவர்களிலும் பெரும்பாலோர் எந்த உலகமும் படைக்காதவர்களே! ஆகவே இதை ஒரு பரீட்சை வழிகாட்டி போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் வாதத்துக்கு டோல்கீனைவிட டார்கரே நல்ல சாட்சி. அறுபது வருஷம், ஒருவர் பாராட்டவில்லை, ஒருவர் படிக்கவில்லை. பகலெல்லாம் தரை துடைத்த மனிதர் ராத்திரி அந்த அறைக்குத் திரும்பும்போது ஓர் ராஜ்யத்துக்குத் திரும்பினார். நிஜத்தில் எந்தக் குழந்தையையும் காப்பாற்ற அவருக்கு வலு இல்லை. குழந்தையாக இருந்த தம்மையே காப்பாற்ற யாரும் வரவில்லை. காகிதத்தில் காப்பாற்றிப் பார்த்தார். அந்த நோட்டுகள் இல்லாவிட்டால் அந்த எண்பத்தொரு வருஷத்தில் என்ன மிச்சம் இருந்திருக்கும்? இதைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தீப்பெட்டி அளவில் ஒரு பத்திரிகை

ஆனால் இதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. மறைக்கக் கூடாது. இங்கிலாந்தில் ஹாவொர்த் என்ற ஊரில் பிராண்டே என்றொரு பாதிரியார் இருந்தார். தாயில்லாத குழந்தைகள் நாலு பேர். 1826-ல் மகனுக்குப் பன்னிரண்டு மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துப் பெயர் வைத்தார்கள். சிப்பாய்களுக்கு ஒரு நாடு வேண்டுமே? படைத்தார்கள். சிப்பாய்கள் படிக்கப் பத்திரிகை வேண்டுமே? தீப்பெட்டி அளவில், கண்ணை இடுக்கிப் படிக்க வேண்டிய எழுத்தில் பத்திரிகை எழுதினார்கள். பதினாலு வயதில் சார்லட் எழுதிய அப்படிப்பட்ட ஓர் இதழில் நாலாயிரம் சொற்கள் அடங்கியிருக்கின்றன. 2019-ல் அதைப் பாரிஸ் ஏலத்தில் ஆறு லட்சம் யூரோ கொடுத்து வாங்கி, ஹாவொர்த் மியூசியத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

சார்லட்டும் தம்பி பிரான்வெலும் 'ஆங்க்ரியா' என்ற நாட்டை வளர்த்தார்கள். எமிலியும் கடைக்குட்டி ஆனும் தனியாகப் பிரிந்து 'கோண்டால்' என்ற தீவைப் படைத்தார்கள். சார்லட் வளர்ந்து பள்ளிக்கூட உபாத்தியாயினி ஆனார். வகுப்பில் நின்றுகொண்டே மனம் ஆங்க்ரியாவுக்கு ஓடிவிடும். பிள்ளைகள் கூப்பிட்டு அந்தக் கனவு கலையும்போது கோபம் கோபமாக வரும். இது நல்லதல்ல என்று அவருக்கே தெரிந்தது. 1839-ஐ ஒட்டி ஆங்க்ரியாவுக்கு விடை கொடுத்து ஒரு குறிப்பு எழுதினார். எட்டு வருஷம் கழித்து 'ஜேன் அயர்' வந்தது.

எமிலி விடை கொடுக்கவே இல்லை. 1845-ல் எமிலியும் ஆனும் ரயிலேறி யார்க் நகருக்குப் போனார்கள். எமிலிக்கு இருபத்தேழு வயது நிறைய ஒரு மாதம்தான் பாக்கி. வழி முழுவதும் இருவரும் கோண்டால் நாட்டு ராஜகுமாரர்களாகவும் ராஜகுமாரிகளாகவும் நடித்துக்கொண்டே போனதாக எமிலியே குறித்து வைத்திருக்கிறார். அப்படிப்பட்ட எமிலிதான் 1847-ல் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலைத் தந்தார். கோண்டாலின் வசனக் கதைகள் ஒன்றுகூட இன்று இல்லை; கவிதைகள் மட்டும் பிழைத்தன.

ஒருவர் விடைபெற்றார், ஒருவர் விடைபெறவில்லை. இரண்டு பேரும் கெட்டுப்போகவில்லை. இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இது: கற்பனை நாட்டில் வசிப்பது தப்பல்ல. திரும்பிவர வழி தெரிய வேண்டும். சோற்றுக்குக் கூப்பிட்டால் எழுந்து வருகிறானா? மழை வந்தால் கொடியில் காயும் துணியை எடுக்கிறானா? சிநேகிதன் வந்து கூப்பிட்டால் பந்து விளையாடப் போகிறானா? போகிறான் என்றால் கவலை வேண்டாம். எதற்கும் எழுந்து வராத நிலை வந்துவிட்டால், குற்றம் நோட்டில் இல்லை. வெளியிலே ஏதோ அவனைத் துன்புறுத்துகிறது. அதை விசாரிக்க வேண்டும். நோட்டைக் கிழித்தால் நோய் தீராது, மருந்துதான் போகும்.

இந்தியாவைத் தீவாக்கிய சகோதரர்கள்

எல்லோரும் ஒளித்தே வைத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சி. எஸ். லூயிஸ் என்ற எழுத்தாளரும் அவருடைய அண்ணனும் அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் பிள்ளைகளாக இருந்தபோது ஆளுக்கொரு தேசம் வைத்திருந்தார்கள். தம்பியுடையது பேசும் மிருகங்களின் நாடு. அண்ணனுடையது என்ன தெரியுமா? நம்முடைய இந்தியா! இரண்டையும் சேர்த்து ஒரே ராஜ்யமாக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்தியாவை ஒரு தீவாக்கி, இமயமலைக்குப் பின்னாலேயே வடக்குக் கடற்கரையை வைத்துவிட்டார்கள். நம்மை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

அமெரிக்காவில் ஆஸ்டின் டாப்பன் ரைட் என்று ஒரு சட்டப் பேராசிரியர் இருந்தார். 1883-ல் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோது தொடங்கிய 'ஐலாண்டியா' என்ற நாட்டை அவர் கடைசிவரை விடவில்லை. அதற்குச் சரித்திரம், பூகோளம், ஜனத்தொகைக் கணக்கு, பிரபுக்களின் வம்சாவளி எல்லாம் எழுதினார். அந்த நாட்டு மொழியில் அன்புக்கு நாலு சொல் உண்டு. அதில் ஒன்று, பிறந்த மண்ணின்மீதும் அங்கே வாழும் வம்சத்தின்மீதும் உள்ள அன்புக்கு மட்டும் உரியது. பூர்வீக நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் வந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும்.

1931-ல் ரைட் மோட்டார் விபத்தில் மாண்டார். மேஜையில் சுமார் 2,300 பக்கக் கைப்பிரதி. மனைவி உட்கார்ந்து பிரதி எடுத்தார். அவரும் காலமானபின் மகள் அதைச் சுருக்கிச் செப்பனிட்டார். 1942-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஒரு நாவலாக அது வெளிவந்தது. வக்கீல் தொழிலை அவர் விட்டாரா? இல்லை. குடும்பத்தை விட்டாரா? இல்லை. காலையில் சட்டம், ராத்திரி ஐலாண்டியா. குடும்பத்தாருக்கு அந்த நாடு தெரிந்திருந்தது. அதனால்தான் அது பரணில் மட்கிப் போகாமல் பிழைத்தது.

பரணில் போய்ப் பிழைத்து வந்ததும் ஒன்று உண்டு. ஜெர்ரி கிரெட்ஸிங்கர் என்ற அமெரிக்கர் 1963-ல் ஒரு காகிதத்தில் கற்பனை ஊர் ஒன்றை வரைந்தார். ஓரம் வந்ததும் அடுத்த காகிதம் ஒட்டினார். இருபது வருஷம் வளர்ந்தது. அப்புறம் பரணில் போட்டுவிட்டார். இன்னும் இருபது வருஷம் கழித்து 2003-ல் அது திரும்பக் கண்ணில் பட்டது. விட்ட இடத்தில் தொடங்கினார். இன்று அந்தப் படத்தில் மூவாயிரம் காகிதங்களுக்கு மேல். இந்தப் பொழுதுபோக்கு ரோஷப்படாது. எப்போது திரும்பி வந்தாலும் கதவைத் திறக்கும்.

நம்மவர்களில் ஆர். கே. நாராயண் இல்லையா? சென்னையில் பிறந்தவர். 1930-ல் பெங்களூரில், பாட்டி பார்த்துக் கொடுத்த ஒரு நல்ல நாளில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஒரு சின்ன ரயில் நிலையம் மனக்கண்ணில் தெரிந்தது. மால்குடி பிறந்தது. 1935-ல் முதல் நாவல். அறுபது வருஷம் அந்த ஊரை விட்டு அவர் நகரவில்லை. அந்த ஊரைப் பூகோளப் புத்தகத்தில் தேடியவர்கள் உண்டு. அவர் தொழிலாகச் செய்தார், எங்கள் தெருப் பையன் ஆசைக்குச் செய்கிறான் என்பது வாஸ்தவம். ஆனால் ஆரம்பித்த இடம் ஒன்றுதான்: ஒரு நோட்டு, ஒரு ரயில் நிலையம்.

என்ன பிரயோஜனம்?

"எல்லாம் சரி ஸார், இதனால் என்ன பிரயோஜனம்?" என்று தெருக்கோடி வீட்டுக்காரர் கேட்பது என் காதில் விழுகிறது.

ஒரு தேசத்தை உண்டாக்கப் பாருங்கள், தெரியும். ஆறு எங்கே உற்பத்தியாகும்? மலையில். மலைக்கு எந்தப் பக்கம் மழை பெய்யும்? காற்று வரும் பக்கம். மழை பெய்யாத பக்கத்தில் என்ன விளையும்? நெல் விளையாது, கம்பு, சோளம் விளையும். அப்படியானால் அரிசிக்காக அந்த ஊர்க்காரன் என்ன கொடுப்பான்? வர்த்தகம் வந்துவிட்டது. வர்த்தகத்தில் சண்டை வரும். சண்டை வந்தால் சரித்திரம் வந்துவிட்டது. பூகோளப் பாடத்தில் இதை எல்லாம் நாம் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு மறந்தோம். தேசம் படைக்கிறவன் ஒருகாலும் மறக்கமாட்டான். அவனுடைய ஜனங்கள் பட்டினி கிடந்துவிடுவார்களே!

இரண்டாவது, இது நம்மைத் தனியாக இருக்கப் பழக்குகிறது. பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிஷம்கூட நாம் சும்மா இருப்பதில்லை. கைப்பேசியை எடுத்துவிடுகிறோம். யாரோ சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம். ஒரு பையன் ராத்திரி பதினோரு மணி வரை கைப்பேசியைத் தொடாமல், பென்சிலும் ஸ்கேலுமாகத் தானே ஒன்றைச் சமைக்கிறான் என்றால், அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும்!

மூன்றாவதுதான் முக்கியம். பிரயோஜனம் இல்லாத ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்வதில் ஒரு மதிப்பு இருக்கிறது. மார்க் கிடையாது. சம்பளம் கிடையாது. பார்க்கிறவர் கிடையாது. ஆனாலும் கோடு கோணக்கூடாது, கணக்கு தப்பக்கூடாது என்று ஒருவன் உழைக்கிறான். வாசலில் போடும் கோலம் மத்தியானத்துக்குள் அழிந்துவிடும். அதற்காக நம் வீட்டுப் பெண்கள் புள்ளியைத் தப்பாக வைக்கிறார்களா?

ஒரு சொந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் எனக்கும் ஒரு நாடு இருந்தது. துறைமுகமும் கலங்கரை விளக்கமும் உள்ள நாடு. என் நோட்டை யாரும் கிழிக்கவில்லை. உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் பந்தியில் எல்லோர் எதிரிலும் சொல்லிச் சிரித்தார். மறுநாள் நானே கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். பட்டம் வாங்கினேன், உத்தியோகம் வாங்கினேன்; நஷ்டம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மூன்று நோட்டுகளைப் பிரித்த அன்று என் துறைமுகத்தின் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. அன்றைக்கு ராத்திரி வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை

ஆகவே பெற்றோர்களுக்கு என் யோசனை இதுதான். பரீட்சை பரீட்சைதான், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ராத்திரி பதினோரு மணி வரை கண் விழிக்கவும் விடவேண்டாம். தினம் அரைமணி, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் முழுவதும் என்று ஒரு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் போய்விட்டால் கண் விழிக்க வேண்டிய அவசியமும் போய்விடும்.

அதைவிட முக்கியம், சிரிக்காதீர்கள். அளவுக்கு மீறிப் புகழவும் வேண்டாம்; புத்தகமாகப் போடலாம், பரிசு வாங்கலாம் என்று ஆரம்பித்துவிட்டால் அதுவும் ஒரு பாடமாகிவிடும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும். உண்மையாகத் தெரிந்துகொள்ள விரும்பிக் கேளுங்கள்.

நான் அப்படித்தான் கேட்டேன். வாரக் கடைசியில் பையன் பயந்துகொண்டே வந்து நின்றான். "தம்பி, இந்தப் பதினோரு நாள் ராஜாவுக்கு என்ன ஆயிற்று?" என்றேன்.

"அவர் ரொம்ப நல்லவர், மாமா. அதனால்தான்" என்றான்.

புத்தி சொல்வதற்கு எனக்கு அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அன்று சாயந்திரம் தகப்பனார் வந்தார். புத்தி சொன்னீர்களா என்று கேட்டார். நான் தேசப்படத்தை அவர் முன் விரித்து, "நீங்கள் இலாகாக்காரர். கிழக்குக் கரையில் இருக்கும் இந்த ஊரிலிருந்து மேற்கே இருக்கும் இந்த ஊருக்கு ஒரு கடிதம் போட்டால் எத்தனை நாளில் போகும்?" என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக் கொண்டார். விரலால் ரயில் பாதையைத் தொட்டுக்கொண்டே போனார். "மலைக்கு இரண்டு பக்கமும் ரயில் இருக்கிறது. குறுக்கே பாதையே இல்லையே! தீவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மூன்று நாள் ஆகும். மழைக்காலத்தில் இந்த ஆறு பெருகினால் அதுவும் நிச்சயமில்லை. இதுகூட யோசிக்காமல்..." என்றவர் சட்டென்று நிறுத்திக் கொண்டார். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு மூன்று நோட்டுகளையும் ஒழுங்காக அடுக்கிக் கையில் எடுத்துக் கொண்டார்.

பழைய பேப்பர் கடை எங்கள் தெருவுக்குக் கிழக்கே இருக்கிறது. அவர் மேற்கே, வீட்டுப் பக்கம் திரும்பினார்.

பரீட்சை முடிந்ததும் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப் பாதை போடுவதாகப் பையன் தீர்மானித்திருக்கிறானாம். அதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள் என்று தகப்பனாரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து இப்போது கணக்குப் போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.